மகேந்திரகிரி எஞ்சினைக் காரில் பூட்டினால் தரைவேகச் சாதனை உடையுமா?

பணகுடிப் பக்கத்திலிருந்து பொறியியல் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, நம்ம மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினையே சோதனை செய்கிறார்கள். அதில் ஒன்றைக் காரில் பூட்டினால் தரைவேக உலகச் சாதனையை முறியடிக்க முடியாதா? தேரிக்காடோ தூத்துக்குடி உப்பளமோ ஓடுதளமாக ஆகாதா? எங்கள் கல்லூரியிலேயே சின்னதாக ஒரு ராக்கெட் கார் செய்து பார்க்கலாமா?"

தம்பி, மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகேந்திரகிரி எஞ்சினை அப்படியே காரில் பூட்ட முடியாது, ஆனால் அந்த அளவு உந்துவிசையை உண்டாக்கத் தெரிந்தவர்கள் நம்ம பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஓடுவதற்கு வேண்டிய தரைதான் நெல்லைச் சீமையில் எங்கேயும் இல்லை. கல்லூரியில் சின்ன வண்டி தாராளமாகச் செய்யலாம், எரிபொருள் எதையும் தொடாமல்.

இனி விரிவாக. முறியடிக்க வேண்டிய வேகம் மணிக்கு 1227.985 கி.மீ. 1997 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில், பிரிட்டிஷ் விமானப்படை விமானி ஆண்டி கிரீன் ஓட்டிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி என்ற கார் எட்டிய வேகம் இது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் ரிச்சர்ட் நோபிள். அதிகாரபூர்வமாக ஒலியின் வேகத்தைத் தரையில் தாண்டிய கார் அது ஒன்றுதான். நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரி முழுக்க நடக்கிறார்களே, அந்த வழி முழுவதையும் இந்த வேகத்தில் மூன்று நிமிடத்தில் கடந்துவிடலாம்.

அந்தக் கார் ராக்கெட் கார் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பேன்டம் போர் விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே ஜெட் எஞ்சின் இரண்டு, ஓட்டுநரின் இரு பக்கமும் பூட்டியிருந்தார்கள். ராக்கெட் காரின் கையில் இந்தச் சாதனை கடைசியாக இருந்தது 1970 முதல் 1983 வரை. ராக்கெட் இன்னும் வலுவானதாயிற்றே, பின் ஏன் அப்படி? உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி, ஒரு மைல் அல்லது ஒரு கிலோமீட்டர் நீளத்தை அளந்து குறித்து, அதைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். கார் ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட நிலையில்தான் அந்த நீளத்துக்குள் நுழைகிறது. ஒரு திசையில் ஓடினால் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையிலும் ஓடியாக வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. பழைய சாதனையை ஒரு சதவீதமாவது தாண்டியிருக்கவும் வேண்டும்.

இரு திசை ஏன் என்பதை நம்ம ஊர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். ஆனி ஆடியில் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் நின்றிருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும். காற்று முதுகில் இருந்தால் கூடுதல் வேகம், முகத்தில் அடித்தால் குறைவு. தரையில் லேசான சரிவு இருந்தாலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் ஓடினால் அந்த லாபமும் நட்டமும் பெரும்பாலும் கழிந்துபோகும்.

இந்த ஒரு மணி நேர விதி பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஆண்டி கிரீன் 1997 அக்டோபர் 13 அன்றே இரு திசையிலும் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டார். திரும்பி ஓடியது ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு நிமிடம் பிந்திப்போனதால் அது கணக்கில் சேரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஓடித்தான் சாதனையை வாங்கினார்கள். 1979ல் பட்வைசர் ராக்கெட் என்ற மூன்று சக்கர வண்டி ஒலியைத் தாண்டியதாகச் சொன்னார்கள். எதிர்த் திசையில் ஓடவில்லை, விதிப்படியான நேரக் கணக்கும் இல்லை. அதனால் அந்த வேகம் சாதனைப் பட்டியலில் ஏறவே இல்லை.

ஒரு சதவீத விதியும் வேடிக்கை காட்டியிருக்கிறது. 1970 அக்டோபர் 23 அன்று ப்ளூ ஃப்ளேம் என்ற ராக்கெட் காரில் கேரி கேபலிச் மைல் கணக்கில் மணிக்கு 1001.667 கி.மீ., கிலோமீட்டர் கணக்கில் ஏறக்குறைய 1014.5 கி.மீ. ஓடினார். 1983ல் ரிச்சர்ட் நோபிள் தானே ஓட்டிய த்ரஸ்ட் 2 மைல் சாதனையைப் பறித்தது. கிலோமீட்டர் கணக்கிலும் த்ரஸ்ட் 2 கூடுதல் வேகம்தான், ஆனால் அந்த ஒரு சதவீதம் எட்டவில்லை. அதனால் ராக்கெட் காரின் கிலோமீட்டர் சாதனை 1997 வரை நின்றது.

இப்போது ராக்கெட்டுக்கு வருவோம். ராக்கெட்டைக் காரில் பூட்டும் ஆசை பழையது. 1928 மே மாதம் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் 24 திட எரிபொருள் ராக்கெட்டுகளைப் பின்னால் அடுக்கிய ஒரு காரில் மணிக்கு 238 கி.மீ. ஓடிக் காட்டினார். அதில் கூட இருந்து வேலை செய்த மேக்ஸ் வாலியர், திரவ எரிபொருளுக்கு மாறி, 1930 மே 17 அன்று சோதனையின்போது எரிகலன் வெடித்து இறந்தார். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது இந்த வரியை நினைவில் வைத்திருங்கள்.

ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சித்தான் எரிபொருளை எரிக்கும். அதற்குப் பெரிய வாய் வேண்டும். வாய் பெரிதானால் காரின் முகப்பும் பெரிதாகும், காற்றின் எதிர்ப்பும் கூடும். ராக்கெட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. எரிக்க வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்துகொண்டு போகிறது. சின்ன உடம்பில் பெரிய உந்துவிசை. ப்ளூ ஃப்ளேம் ஒல்லியாக, பென்சில் மாதிரி இருக்கக் காரணம் இதுதான். அடர் ஹைட்ரஜன் பெராக்சைடை வெள்ளி வினையூக்கியின் மேல் செலுத்துவார்கள். அது உடனே பிரிந்து சூடான நீராவியும் ஆக்சிஜனுமாகும். அதில் திரவ இயற்கை எரிவாயுவைச் சேர்த்து எரிப்பார்கள். அமெரிக்க எரிவாயுத் தொழில்துறைதான் அந்தக் காருக்குப் பணம் கொடுத்தது.

சரி, மகேந்திரகிரியில் என்ன இருக்கிறது? இஸ்ரோவின் உந்துகை வளாகம். விகாஸ் எஞ்சினும், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சினும் அங்கே சோதனை மேடை ஏறுபவை. சிஇ20ன் உந்துவிசை 19 முதல் 22 டன் வரை. த்ரஸ்ட் எஸ்எஸ்சியின் இரண்டு ஜெட் எஞ்சினும் சேர்ந்து தந்தது ஏறக்குறைய 22 டன்தான். எண்ணை மட்டும் பார்த்தால் உங்கள் யோசனை சரியாகத்தான் படுகிறது. பத்தரை டன் காரை ஒலிக்கு மேல் தள்ளிய விசை நம்ம மலையடிவாரத்தில் ஒரே எஞ்சினில் கிடைக்கிறது.

ஆனால் சிஇ20 விண்வெளிக்கு என்று செய்தது. அதன் கூம்புக் குழல் காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும்படி மிக அகலமாக விரிந்திருக்கும். தரைமட்டக் காற்றழுத்தத்தில் எரித்தால் குழலுக்குள் வாயு ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து, குழலே அதிர்ந்து சேதமாகலாம். 2024 நவம்பரில் இதே மகேந்திரகிரியில் அதைத் தரைமட்ட அழுத்தத்தில் எரித்துப் பார்த்தபோது, குழலைக் காக்கவே தனியாக ஓர் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் திரவ ஹைட்ரஜன். உறைகுளிருக்கும் கீழே மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். எடை மிகக் குறைவு, இடம் மிக அதிகம். 40 விநாடி எரிக்க ஏறக்குறைய 300 கிலோ ஹைட்ரஜன் வேண்டும் என்று கணக்குப் போட்டால், அதற்கே 4000 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். ராக்கெட்டால் ஒல்லியாகக் கிடைத்த உடம்பு இந்தத் தொட்டியால் மறுபடி பருத்துவிடும். அப்புறம் அந்த ஒரு மணி நேரம். சோதனை மேடையில் ஓர் எஞ்சினைக் குளிர்வித்து, நிரப்பி, எரித்து, மறுபடி தயார் செய்வது என்ன வேலை என்று அங்கே பணிபுரிபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

விகாஸ் எஞ்சினின் உந்துவிசை ஏறக்குறைய 80 டன். அது இன்னும் ஆகாது. பத்து டன் காரை 80 டன் விசையால் தள்ளினால் ஓட்டுநர் மேல் தன் எடையைப் போல எட்டு மடங்கு அழுத்தம் விழும். அந்த நிலையில் ஒரு முடி அகலத்துக்குத் திசை திருத்துவது யாராலும் ஆகாது. அதன் எரிபொருள்களும் கடும் நச்சு. ஆக, மகேந்திரகிரியில் இருக்கும் எஞ்சின் எதுவும் நேராகக் காருக்கு வராது. ஆனால் அங்கே வால்வு, பம்பு, எரிகலன் என்று வேலை செய்து பழகியவர்கள் கையில் பெராக்சைடு ராக்கெட் ஒன்றைக் கொடுத்தால், காருக்கு ஏற்றதாக அதை ஆக்கித் தரும் திறமை அவர்களுக்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் எஞ்சின் இந்தக் கதையில் எளிய பகுதி என்கிறேன்.

கடினம் எங்கே தொடங்குகிறது? காற்றில். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. 22 டன் விசையைச் சாதனை வேகத்தால், அதாவது விநாடிக்கு 341 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 75 மெகாவாட் வரும். பணகுடியில் சுற்றும் இரண்டு மெகாவாட் காற்றாலை போல முப்பத்தைந்துக்கும் மேல், எல்லாம் ஒரே நேரத்தில் முழு வீச்சில் சுற்றினால் கிடைக்கும் திறன் அது. காற்றைக் கிழிப்பதற்கே பெரும்பகுதி போய்விடும்.

அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஆறு டன்னுக்கும் மேல். ஓடும் பஸ் ஜன்னலில் கையை நீட்டி, விரல் நுனியை லேசாக மேலே சாய்த்தால் கை தானாகத் தூக்கும் இல்லையா? இந்தக் காரின் மூக்கு மிகச் சிறிதளவு உயர்ந்தாலும் இதே கதைதான், தூக்கும் விசை மட்டும் டன் கணக்கில். கீழே சாய்ந்தாலும் ஆபத்து, மூக்கு தரையில் குத்திவிடும். அதனால் த்ரஸ்ட் எஸ்எஸ்சியில் கணினி பார்த்துச் சரிசெய்யும் சஸ்பென்ஷன் வைத்தார்கள், காரின் சாய்வு மாறாமல் இருக்க. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதிர்வலை வேறு உண்டாகிறது. விமானம் என்றால் அலை விரிந்து போய்விடும். கார் தரையை ஒட்டி ஓடுவதால் அலை தரையில் பட்டுத் திரும்பிக் காரின் அடிவயிற்றிலேயே வந்து மோதும். சக்கரம் தொடும் முன்பே மண்ணின் மேற்புறத்தைக் கிளறியும் விடும்.

சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் டயர் இந்த வேகத்துக்குத் தாங்காது. திட அலுமினியச் சக்கரம்தான். பிளட்ஹவுண்ட் என்ற பிரிட்டிஷ் கார் மணிக்கு 1000 மைல், அதாவது 1600 கி.மீ. என்ற இலக்கோடு 2008ல் அறிவிக்கப்பட்டது. அதன் சக்கரம் 90 செ.மீ. விட்டம். நிமிடத்துக்கு 10,200 சுற்று சுற்றும்படி வடிவமைத்தார்கள். அப்போது விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் உலோகம் ஏறக்குறைய 50 கிலோ கனத்தோடு வெளியே இழுக்கும். 2017ல் இங்கிலாந்தின் நியூகீ விமான ஓடுதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது மட்டும் பழைய லைட்னிங் போர் விமானத்து டயரைப் போட்டார்கள். தார், கான்கிரீட் மேல் உலோகச் சக்கரம் ஓடாது. நாலுவழிச் சாலையை ஒரு நாள் மூடிவிட்டு ஓட்டலாமே என்று யாராவது கேட்டால், அதற்கும் இதுதான் பதில்.

இனி தரை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்ததும், எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

2019 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் ஆல்வார்ட் பாலைவனத்தில் ஜெசி கோம்ப்ஸ் என்ற பெண் ஒரு ஜெட் காரை ஓட்டி இறந்தார். பெண்களின் தரைவேகச் சாதனையை அன்று அவர் எட்டிவிட்டார், மணிக்கு ஏறக்குறைய 841 கி.மீ.; கின்னஸ் அதைப் பின்னர் ஏற்றது. அதற்கு முந்தைய சாதனை அதே பாலைவனத்தில் 1976ல் ஒரு ராக்கெட் வண்டியில் கிட்டி ஓ'நீல் வைத்தது. அவர் குழந்தையிலேயே கேட்கும் திறனை இழந்தவர். ஜெசியின் விபத்தை விசாரித்தவர்கள், தரையில் கிடந்த ஏதோ ஒரு பொருளில் மோதி முன்சக்கரம் பழுதாகியிருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். எஞ்சின் குற்றமில்லை, காற்றின் குற்றமுமில்லை. தரையில் கிடந்த ஏதோ ஒன்று.

அதனால்தான் பிளாக் ராக்கில் சாதனை ஓட்டத்துக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு கல்லையும் துண்டையும் பொறுக்கினார்கள். பிளட்ஹவுண்ட் குழுவுக்கு அதைவிடப் பெரிய வேலை. தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில் ஹாக்ஸ்கீன் பான் என்ற வறண்ட ஏரிப் படுகையைத் தேர்ந்தெடுத்தார்கள். தட்டையோ தட்டை, ஆனால் மேலெல்லாம் கல். இயந்திரத்தை விட்டால் தரையைக் கீறிவிடும். மாகாண அரசு அந்த வட்டாரத்து மியர் சமூகத்தினர் முந்நூற்றுச் சொச்சம் பேரை வேலைக்கு அமர்த்தியது. அவர்கள் வருடக்கணக்கில் குனிந்து, கையால் பொறுக்கி எடுத்த கல் 16,500 டன். சுத்தம் செய்த பரப்பு 2 கோடியே 20 லட்சம் சதுர மீட்டர். படுகையின் குறுக்கே போட்டிருந்த ஒரு சரளைப் பாதையையும் பெயர்த்து எடுத்தார்கள். ஓடுதளம் 19 கி.மீ. நீளம். அகலமும் வேண்டும், ஏனென்றால் ஒருமுறை ஓடிய தடம் கிளறிப்போய்விடும், அடுத்த ஓட்டத்துக்குப் பக்கத்தில் புதுத் தடம் வேண்டும். 2019 நவம்பரில் அந்தத் தரையில் ஆண்டி கிரீன் ஜெட் எஞ்சினை மட்டும் வைத்து மணிக்கு 1010 கி.மீ. எட்டினார். ராக்கெட்டைப் பூட்டிச் சாதனைக்கு ஓட வேண்டிய கட்டம் பணமில்லாமல் நின்றுபோனது. 2021ல் கார் விற்பனைக்கே வந்தது. அந்த எஞ்சினியர்களின் பேட்டிகள் நிறையக் கிடைக்கும். கல் பொறுக்கியவர்களின் பேட்டி அவ்வளவாகக் கிடைக்காது. என்னைக் கேட்டால் அந்த 1010ல் அவர்களுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு.

இந்தத் தரை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் நம்ம ஊரில் ஏன் இல்லை என்பது விளங்கிவிடும். சுற்றிலும் மேடு, வெளியேற வழியில்லாத படுகை. மழைக்காலத்தில் சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் பரந்து நிற்கும். மெல்லிய வண்டல் அதில் கலங்கி, காற்றில் அலைந்து, மெதுவாகப் படியும். வெயிலில் காய்ந்து இறுகும். வருடா வருடம் இதே வேலை நடப்பதால் பழைய தடமெல்லாம் அழிந்து, மேற்பரப்பு மறுபடி சமமாகும். பிளாக் ராக் அப்படிப்பட்டது. அது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றும் கொஞ்சம் மெலிது. அது கூடுதல் லாபம். இயற்கை செய்துதரும் தரை என்பதால் இயற்கை கெடுக்கவும் செய்யும். 1963ல் டொனால்ட் கேம்பல் ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரிக்குப் போனபோது, வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த இடத்தில் மழை கொட்டியது. அடுத்த வருடம் அரைகுறையாகக் காய்ந்த தரையில் ஓடித்தான் சாதனையை வாங்கினார். அமெரிக்காவின் பான்வில் உப்புத்தரையில் வருடாந்தர வேகவாரப் போட்டியை 2014லும் 2015லும் ரத்து செய்தார்கள், மழையும் உப்பு மெலிந்துபோனதும் காரணம்.

நம்ம தேரியை எடுத்துக்கொள்வோம். திசையன்விளை, சாத்தான்குளம், காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், செம்மணலில் கால் புதையும். அது தண்ணீர் படிய வைத்த மண் அல்ல, காற்று கொண்டுவந்து குவித்த மணல். இறுகாது, மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், ஆடிக் காற்றில் இடமும் மாறும். உலோகச் சக்கரம் முதல் நூறு மீட்டரிலேயே அச்சு வரை இறங்கிவிடும். அந்த மணலை மட்டம் தட்டி ஓடுதளம் ஆக்கலாமே என்ற யோசனையும் வேண்டாம். மழைநீரை அப்படியே உள்வாங்கி நிலத்தடியில் சேர்ப்பது அந்தத் தேரிதான். பனையும் முந்திரியும் நிற்கும் இடத்தைச் சாதனைக்காகத் தோண்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உப்பளம் தட்டையாகத் தெரியும். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு வரப்பு, பாத்தி பாத்தியாக. உப்பு மேலே ஒரு படலம்தான், அடியில் ஈரக் களிமண். பான்வில்லில் உப்பே கெட்டித் தளமாக இறுகிக் கிடக்கிறது. இங்கே அதை வாரி எடுத்துவிடுகிறோம், தொழிலே அதுதான். நேராக இருபது கிலோமீட்டர் என்பதும் அங்கே கிடையாது.

குளத்துப் படுகை? யோசனை நல்லதுதான், ஏனென்றால் வண்டல் படிந்து காயும் முறை அங்கேயும் ஒன்றுதான். விஜயநாராயணம் குளம் போன்ற பெரிய குளத்தில் கோடையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டமாகத்தான் தெரியும். ஆனால் களிமண் காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாகும், கரையும் சில கிலோமீட்டரில் வந்துவிடும், உடைமரம் வேறு. இந்தியாவில் தேடுவதாக இருந்தால் கட்ச் ரண் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் தண்ணீர் நின்று காயும் விரிந்த உப்புவெளி அது. அங்கேயும் உப்புக்கு அடியில் சேறு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சோதித்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

இருபது கிலோமீட்டர் எதற்கு என்று கேட்கலாம். ஒரு மைலைக் கடக்க ஐந்து விநாடிகூட ஆகாதுதான். ஆனால் அதற்கு முன்னால் வேகமெடுக்கவும், பின்னால் நிற்கவும் அவ்வளவு தூரம் வேண்டும். முதலில் காற்றுத்தடை, பிறகு பாராசூட், வேகம் நன்றாகக் குறைந்த பிறகே சக்கர பிரேக். முன்கூட்டியே பிரேக்கைப் பிடித்தால் உருகிவிடும். 1964ல் கிரெய்க் பிரீட்லவ் பான்வில்லில் மணிக்கு 500 மைலைத் தாண்டியபோது பாராசூட் பிய்ந்துபோனது. கார் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, ஓர் உப்புநீர்க் குட்டையில் மூக்குக் குப்புற விழுந்து நின்றது. அவர் நீந்திக் கரையேறினார்.

தண்டவாளத்தில் ராக்கெட்டை ஓட்டுவது வேறு விஷயம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சண்டிகர் பக்கத்தில் டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகத்துக்கு நாலு கிலோமீட்டர் நீள ராக்கெட் தண்டவாளம் இருக்கிறது; ககன்யான் பாராசூட்டை அதில் சோதித்தார்கள். அமெரிக்காவில் ஹாலோமன் தளத்தில் ஆளில்லாத ராக்கெட் வண்டி 2003ல் ஒலியைப் போல எட்டு மடங்குக்கும் மேல் ஓடியது. தண்டவாளம் திசையைப் பிடித்துக்கொள்கிறது, மேலே எழும்பவும் விடாது. கார்ச் சாதனையில் அந்த இரண்டையும் வெறும் தரைமேல் ஒரு மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கடைசியாக உங்கள் கல்லூரி வண்டி. பட்டாசு மருந்து, சர்க்கரை ராக்கெட், அடர் பெராக்சைடு எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பெராக்சைடு 3 முதல் 6 சதவீதம் போல. ராக்கெட்டுக்கு வேண்டியது 85க்கும் மேல். அது துணியில் பட்டால் துணி தானாகப் பற்றும், தொட்டியில் துளி அழுக்கு இருந்தால் தொட்டியே வெடிக்கலாம். உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது சட்டப்படிக் குற்றம். சிவகாசி நமக்கு எட்டிய தூரம்தான். மருந்து எப்படித் தீப்பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேக்ஸ் வாலியர் இந்தத் துறையின் முன்னோடி, ஒரே ஒரு வெடிப்பில் போய்விட்டார்.

தண்ணீர் ராக்கெட்டில் ஓடும் வண்டி செய்யுங்கள். சோடா பானம் வரும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், சைக்கிள் பம்பு, அழுத்தம் காட்டும் கேஜ், லேசான நாலு சக்கரம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் காற்றடித்துத் திறந்தால், தண்ணீர் பின்னால் பீய்ச்ச வண்டி முன்னால் பாயும். ராக்கெட்டின் தத்துவம் அப்படியே. பிவிசி குழாயைப் பாட்டிலுக்குப் பதிலாக வைக்காதீர்கள், வெடித்தால் கூரான துண்டாகச் சிதறும். கீறல் விழுந்த பாட்டிலும் ஆகாது. கேஜில் 4 பார் தாண்ட வேண்டாம். பம்படிப்பவர் நீளமான குழாய் போட்டுத் தள்ளி நிற்கட்டும், எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

அதோடு விதியையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் 10 மீட்டரை அளந்து இரண்டு கோடு போடுங்கள். வண்டி வேகமெடுத்த பிறகு முதல் கோட்டைத் தாண்டும்படி தள்ளி வைத்து விடுங்கள். போனில் மெதுகாட்சி வீடியோ எடுத்து, இரண்டு கோட்டுக்கும் இடையே எத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்று எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். பிறகு ஒரு மணி நேரத்துக்குள், அதே பாட்டிலை நிரப்பி, அதே அழுத்தத்தில், எதிர்த் திசையில். ஆடி மாதம் பணகுடியில் செய்தால் இரண்டு எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். மைதானத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு ஒருமுறை, பெருக்காமல் ஒருமுறை ஓட்டி அந்தக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். வண்டியின் எடை, பாட்டில் வாயின் விட்டம், அழுத்தம் மூன்றையும் கூடவே குறித்து வையுங்கள். காற்றின் எதிர்ப்பைக் கணக்கிட அவை இல்லாமல் முடியாது.